மெல்லத் துடித்த நெஞ்சு

இப்போதெல்லாம் எங்கள் நாமகிரிப்பேட்டைப் பக்கத்துப் பெண்கள்கூடக் கர்ப்பமானால் இரண்டு மூன்று தடவை ஸ்கேன் எடுத்துவிடுகிறார்கள். எடுத்துவிட்டு வரும்போது யாராவது ஒருத்தியின் முகம் மட்டும் வெளிறிப்போய் இருக்கும். குழந்தையின் இதயத்தில் என்னவோ தெரிகிறதாம் என்பாள். என்னவென்று கேட்டால் சொல்லத் தெரியாது. அப்படி வந்தவர்கள் சிலர், எனக்கு அந்த அனுபவம் உண்டென்று கேள்விப்பட்டு வீடு தேடி வந்திருக்கிறார்கள். வாயால் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் ஒன்றை விட்டுவிடுகிறேன். பயத்தைச் சொல்வேன், ஆஸ்பத்திரியைச் சொல்வேன். அந்த நாட்களில் என்னைத் தின்றுகொண்டிருந்த பொறாமையைச் சொல்ல மாட்டேன். எழுதினால் அதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். என் பேர் தனம். பத்தாவது வரை படித்தவள். டாக்டர்கள் எனக்குப் புரிய வைத்ததை, எனக்குப் புரிந்தபடியே எழுதுகிறேன்.

எண்பதுகளின் பிற்பாதி அது. என் வீட்டுக்காரர் பழனிசாமியும் அவர் தம்பியும் ஒரே வீட்டில் இருந்தார்கள். மஞ்சளும் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியும் போட்டிருந்தோம். தம்பி லாரிக்குப் போய்க்கொண்டிருந்தார். எனக்குக் கல்யாணமான மறு வருஷம் ஒரு கர்ப்பம் தங்கி மூன்றாம் மாதம் கலைந்தது. அப்புறம் எதுவும் இல்லை. வருஷங்கள் போயின. தம்பிக்குப் பனமரத்துப்பட்டியிலிருந்து சுமதியைக் கட்டினார்கள். நல்ல நிறம், நல்ல உயரம், வாய் ஓயாது. கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை, ஒரு நாள் காலையில் வாசலில் குனிந்து வாந்தியெடுத்தாள். அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். என் கை அவள் நெற்றியில் இருந்தது. நெஞ்சு எரிந்துகொண்டிருந்தது.

அதற்கு அடுத்த மாதம் எனக்கும் நாள் தள்ளிப்போனது. ராசிபுரத்து லேடி டாக்டர் ஆமாம் என்று சொன்னதும் எனக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். வீட்டுக்கு வந்து சொன்னபோது என் அத்தை, அதாவது மாமியார், என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்துவிட்டு, "எல்லாம் சுமதி வந்த ராசி சாமி" என்றார். நான் ஐந்து வருஷம் கோயில் கோயிலாக நடந்து வாங்கியதற்கும் பேர் அவளுக்குப் போய்விட்டது.

இரண்டு பேரும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஒரே சமையலறையில் நடமாடினோம். அவள் வயிறு மாதத்துக்கு மீறிப் பெரியதாக இருந்தது. ராசிபுரத்து டாக்டர் அதைப் பார்த்துவிட்டு இரட்டையாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டு, சேலத்தில் புதிதாக ஸ்கேன் மெஷின் வந்திருக்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார். துணைக்கு நானும் என் வீட்டுக்காரரும் போனோம். பஸ்ஸில் ஜன்னலோரம் அவளுக்கு. இரட்டை என்றால் என்ன பேர் வைப்பது என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தாள். ஒன்றுக்கே வழியில்லாமல் கிடந்தவளின் பக்கத்தில் உட்கார்ந்து ஒருத்தி இரட்டைக்குப் பேர் தேடுகிறாள்.

அந்தக் காலத்தில் ஸ்கேன் என்றால் யாருக்கும் தெரியாது. ஊசி போடுவார்களா, மயக்கம் கொடுப்பார்களா என்றெல்லாம் கேட்டுக்கொண்டு போனோம். வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு ஒன்றுக்குப் போகாமல் அடக்கிக்கொண்டு இருக்கச் சொன்னார்கள். வயிற்றின் மேல் வழவழவென்று பசை மாதிரி ஒன்றைத் தடவி, கையடக்கமான ஒரு கருவியை வைத்துத் தேய்ப்பார்கள். வௌவாலுக்குக் கேட்கிற மாதிரியான சத்தம், நம் காதுக்குக் கேட்காது, அது உள்ளே போய்ப் பட்டுத் திரும்பி வருவதைத் திரையில் கறுப்பு வெள்ளையாகக் காட்டும். வலி கிடையாது. சுமதிக்கு ஒரே குழந்தைதான், நீர் கொஞ்சம் அதிகம், மற்றபடி எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். இரட்டை இல்லை என்றதும் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அது கால் மணி நேரம் இருந்திருக்கும்.

வந்ததுதான் வந்தோம், நீயும் ஒரு தடவை படுத்துப் பார்த்துக்கொள் என்றார் என் வீட்டுக்காரர். அதற்கு அவசியமே இல்லை. எனக்கு ஆறாம் மாதம், ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் அவளுக்குப் பார்த்ததை எனக்கும் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. படுத்தேன்.

முதலில் டாக்டர் தலை, கை, கால் என்று காட்டிக்கொண்டே வந்தார். அப்புறம் பேச்சை நிறுத்திவிட்டார். ஒரே இடத்தில் கருவியை வைத்து அழுத்திக்கொண்டு திரையையே பார்த்தார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டே மறுபடியும் திரையைப் பார்த்தார். எதற்கு என் நாடி என்று எனக்குப் புரியவில்லை. வெளியே பெஞ்சில் சுமதி யாரிடமோ சிரித்துப் பேசுவது கேட்டது.

என் வீட்டுக்காரரை உள்ளே கூப்பிட்டு இரண்டு பேரிடமும் சொன்னார். வயிற்றிலிருக்கும் குழந்தையின் இதயம் நம்முடையதைவிட இரண்டு மடங்கு வேகத்தில் துடிக்க வேண்டும். இந்தக் குழந்தைக்கு நிமிஷத்துக்கு அறுபதுக்கும் கீழே துடிக்கிறது. என் நாடியைத்தான் தப்பாகப் பார்க்கிறோமோ என்று சரிபார்க்கவே கையைப் பிடித்திருக்கிறார். என் நாடி பயத்தில் ஓடிக்கொண்டிருந்தது, திரையில் இருந்தது மெல்ல, மிக மெல்ல. ராசிபுரத்து டாக்டர் மரக்குழாயை வயிற்றில் வைத்துக் கேட்டபோது அது தாயின் துடிப்பு என்று நினைத்து விட்டிருப்பார், அப்படி நினைப்பது சகஜம் என்றார். இதயமும் கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறது, இதற்கு மேல் சொல்லுமளவுக்கு எனக்குத் தெரியாது என்று ஒளிக்காமல் சொன்னார்.

வெளியே வந்ததும் சுமதி தன் குழந்தையின் படத்தை என்னிடம் நீட்டினாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். மறைத்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அங்கிருந்து சேலத்திலேயே ஒரு நர்சிங் ஹோமுக்குப் போனோம். அங்கே இருந்த டாக்டரம்மா வயதானவர், கெட்டிக்காரர் என்று பேர். அவர் கேட்டுப் பார்த்துவிட்டு, இவ்வளவு மெதுவாகத் துடித்தால் குழந்தை உள்ளே திணறுகிறது என்று அர்த்தம், எந்த நேரமும் நின்றுபோகும், அது உள்ளேயே இறந்தால் தாய்க்கு ஆபத்து, எடுத்துவிடலாம் என்றார். ஆறு மாதக் குழந்தையை எடுத்தால் பிழைக்குமா என்று என் வீட்டுக்காரர் கேட்டதற்கு, அதை எதிர்பார்க்க வேண்டாம், வயசு இருக்கிறது, இன்னொன்று பெற்றுக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. அன்றே படுக்கையில் சேர்த்துவிட்டார்கள்.

மறுநாள் அத்தையும் சுமதியும் பார்க்க வந்தார்கள். அத்தை என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே என் வீட்டுக்காரரிடம் சொன்னார்: "டாக்டரம்மா சொல்றத கேட்டுக்கலாம் சாமி. நமக்குத் தனத்தோட உசுரு முக்கியம்." அவர் சொன்னது என்மேல் இருந்த பாசத்தில்தான். என் காதில் விழுந்தது வேறு மாதிரி. வீட்டுக்கு வாரிசுக்குத்தான் சுமதி இருக்கிறாளே என்று விழுந்தது. சுமதி கட்டிலின் தலைமாட்டில் நின்றாள். வயிறு எனக்குத் தெரியக் கூடாதென்று புடவையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தாள். அவளைப் போகச் சொல்லுங்கள் என்று நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். அன்று யாரிடமும் சொல்லாமல் நடந்தே அந்த ஸ்கேன் டாக்டரிடம் போயிருக்கிறார். திரும்பி வந்து என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, டாக்டர் சொன்னதைச் சொன்னார். குழந்தை கையைக் காலை நன்றாக ஆட்டுகிறது, விரலை வாய்க்குக் கொண்டுபோகப் பார்க்கிறது, திணறுகிற குழந்தை அப்படி விளையாடாது. மெட்ராஸில் இதை மட்டுமே பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், வெட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை காட்டிவிடுங்கள் என்றாராம்.

"நீ என்ன சொல்ற?" என்று என்னைக் கேட்டார்.

"போலாமுங்க" என்றேன்.

டாக்டரம்மாவுக்குக் கோபம். வழியில் ஏதாவது ஆனால் எங்களைக் கேட்கக் கூடாது என்றார். என் வீட்டுக்காரர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "கேக்க மாட்டேனுங்க. கூட்டிட்டுப் போறேனுங்க" என்று மட்டும் சொன்னார். அன்று சாயங்காலமே ஜங்ஷனில் ரயில் ஏறினோம்.

மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் இதய டாக்டர் ஒரு பெண். நடுத்தர வயது, கண்ணாடி போட்டவர், குரலை உயர்த்த மாட்டார். நெடுநேரம் ஸ்கேன் பார்த்தார். ஒரே ஒரு கோட்டை மட்டும் பிடித்து, இதயத்தின் மேல்பகுதி எப்போது அசைகிறது, கீழ்ப்பகுதி எப்போது அசைகிறது என்று தனித்தனியாகக் கணக்குப் பார்க்கிற வசதி அவர்களிடம் இருந்தது. பார்த்துவிட்டு எங்களை உட்கார வைத்து, என்ன தொழில் என்று கேட்டார். விவசாயம், கிணற்றுப் பாசனம் என்றோம். அதிலேயே விளக்கினார்.

இதயத்தில் நான்கு அறைகள். மேலே இரண்டு, கீழே இரண்டு. துடிக்கச் சொல்லும் உத்தரவு மேலே பிறந்து, மெல்லிய கம்பி மாதிரி ஒரு வழியில் கீழே போகும். இந்தக் குழந்தைக்கு மேல் அறைகள் சரியான வேகத்தில்தான் துடிக்கின்றன. நடுவில் இருக்கும் வழி அறுந்துவிட்டது. "ஸ்டார்ட்டர் நல்லாருக்கு, மோட்டாரும் நல்லாருக்கு. நடுவுல இருக்குற ஒயர்தான் போயிடுச்சு. ஆனா மோட்டார் நின்னுடலை. தானாவே மெதுவா ஓடிட்டிருக்கு" என்றார். இதற்கு ஆங்கிலத்தில் ஹார்ட் பிளாக் என்று பெயர். பெரியவர்களுக்கு ரத்தக் குழாய் அடைத்துக்கொள்வதையும் அப்படியே சொல்கிறார்கள், அது வேறு, இது வேறு. குழந்தை திணறுவதால் துடிப்பு குறையவில்லை. துடிப்பே அப்படித்தான். அதைத் தெரியாமல் ஆபத்து என்று நினைத்து அவசரமாக எடுத்துவிடுவதில்தான் இந்தக் குழந்தைகள் பல போய்விடுகின்றன என்றார்.

பிழைக்குமா என்று கேட்டோம். பொய் சொல்ல மாட்டேன் என்றார். இதயம் சோர்ந்துபோனால் குழந்தையின் வயிற்றிலும் நுரையீரலைச் சுற்றியும் நீர் கோர்க்கும், அப்படி வந்தால் கஷ்டம். வராமல் இருந்தால், நாள் நிறைய நிறைய நமக்கு நல்லது. வாரா வாரம் பார்க்க வேண்டும்.

பிறகு என்னிடம் கேள்விகள் கேட்டார். வெயிலில் போனால் முகத்தில் தடிப்பு வருமா, கண் உலர்ந்து உறுத்துமா, விரல் மூட்டுகள் வலிக்குமா. மூட்டு வலி இருந்தது. மஞ்சள் வேக வைத்து அள்ளுகிற வேலையால் என்று நினைத்திருந்தேன். ரத்தம் எடுத்தார்கள். சில தாய்மார்களின் ரத்தத்தில் ஒரு பொருள் இருக்கும், தாயைப் பெரிதாக ஒன்றும் செய்யாது, தொப்புள் கொடி வழியாகப் போய்க் குழந்தையின் அந்த ஒயரை மட்டும் அரித்துவிடும், அதுதான் காரணமாக இருக்கலாம் என்றார். உங்கள் தப்பு எதுவும் இல்லை என்று இரண்டு தடவை சொன்னார். அது என் தலையில் ஏறவே இல்லை. சுமதியின் ரத்தம் நல்ல ரத்தம், என்னுடையது என் குழந்தையையே அரிக்கிற ரத்தம். அன்று முழுக்க இதுதான் ஓடியது.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடி அறை எடுத்துத் தங்கினோம். கீழே ஒரு மளிகைக் கடை. கடைக்காரர் வீட்டு போனுக்குத்தான் ஊரிலிருந்து பேசுவார்கள். என் வீட்டுக்காரர் அதுவரை அடுப்படிப் பக்கம் வந்ததே இல்லை. அங்கே மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் அரிசி பொங்கவும் பருப்பு கடையவும் பழகினார். பருப்பில் உப்பு ஒரு நாள் இருக்காது, ஒரு நாள் இரண்டு மடங்கு இருக்கும். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நிற்பார். நான் சாப்பிட்டு முடித்த பிறகுதான் தட்டெடுப்பார்.

ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் பெஞ்சுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லாக் கர்ப்பிணிகளும் அங்கேதான் உட்கார வேண்டும். உள்ளே போய் நிமிஷத்தில் வெளியே வந்து, புருஷனைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. என்னை மட்டும் நெடுநேரம் வைத்துப் பார்ப்பார்கள். சீக்கிரம் வெளியே வருகிற ஒவ்வொருத்தியையும் நான் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவர்களுடைய அலட்சியத்தின்மேல் எனக்குப் பொறாமை. எதுவும் தெரியாமல் வயிற்றைச் சொறிந்துகொண்டு முறுக்கு தின்ன முடிகிறதே.

அந்தப் பெஞ்சில் கனகா என்று ஒரு பெண் பழக்கமானாள். ஆத்தூரிலிருந்து வந்தவள், என்னைவிடச் சின்னவள். அவள் குழந்தைக்கு இதயத்தின் இடது பாதி வளரவே இல்லை. வயிற்றுக்குள் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது, வெளியே வந்தால் சில நாள்தான். அந்தக் காலத்தில் அதற்கு இங்கே வழி கிடையாது. எனக்கு என்ன என்று கேட்டாள். ஒயர் கதையைச் சொன்னேன். அவள் என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப உங்க கொழந்தைக்கு நாலு ரூமும் இருக்குதில்லக்கா" என்றாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அடுப்படியில் சுமதியை நான் பார்த்த பார்வை அது. அதற்கு முன்னால் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. நான் முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டேன். இரண்டு வாரம் கழித்து அந்தப் பெஞ்சில் அவள் இல்லை. நர்ஸிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

சுமதிக்குப் பிரசவமான செய்தி போனில் வந்தது. என் வீட்டுக்காரர் மேலே வந்ததும் முதலில் அரிசி தீர்ந்துவிட்டது என்றார். பிறகு ஜன்னலைச் சாத்தினார், திறந்தார். நானே கேட்டேன். "பையன். நல்லா இருக்கறாங்களாம் ரெண்டு பேரும்" என்றார். சிரிப்பு வந்துவிடாமல் வாயை இறுக்கி வைத்திருந்தார். தம்பி மகன் பிறந்திருக்கிறான், அவருக்கு சந்தோஷம் இருக்காதா? அந்தச் சிரிப்பை முதன்முதலில் பார்க்க வேண்டியது என் குழந்தைக்காக. அதையும் அவள் வாங்கிக்கொண்டாள். அன்று அவர் செய்த சோற்றை நான் தொடவில்லை. அவரும் சாப்பிடவில்லை.

வாரங்கள் போயின. நீர் கோர்க்கவில்லை. ஒவ்வொரு தடவையும் டாக்டர் திரையைப் பார்த்து, "ஓடுது" என்பார். அந்த ஒரு வார்த்தையை வாங்கிக்கொண்டு அடுத்த வாரம்வரை இருப்போம். நாள் நெருங்கியதும் ஆபரேஷன்தான் என்று முடிவு செய்தார்கள். பிரசவ வலி வந்த பிறகு குழந்தை நலமா இல்லையா என்று அதன் துடிப்பைக் கேட்டுத்தான் கண்டுபிடிப்பார்கள். இதன் துடிப்பு எப்போதுமே மெதுவானது, அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. அதனால் வலி வரும்வரை காத்திருக்கவில்லை.

பெண் குழந்தை. பிறந்ததும் அழுதாள் என்று சொன்னார்கள், எனக்குக் கேட்கவில்லை. நேராகக் கண்ணாடிப் பெட்டிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றி இதயத்தைக் கொஞ்சம் வேகப்படுத்திப் பார்த்தார்கள். நான் அவளைப் பார்த்ததே மூன்றாம் நாள்தான். அதுவும் கண்ணாடிக்கு வெளியே நின்று. மார்பில் ஒயர்கள். திரையில் ஒரு பச்சைக் கோடு ஏறி இறங்கும், நிற்கும், அப்புறம்தான் மறுபடி ஏறும். அது நிற்கும்போது எனக்கு மூச்சு நிற்கும். வெள்ளைத் தொப்பி போட்ட நர்ஸ் ஒருத்தி, என் வயதுதான் இருக்கும், பெட்டிக்குள் கையை விட்டு என் மகளைப் புரட்டித் துடைத்தாள். அவள் கைகள்மேல் எனக்கு வந்த பொறாமையைப் போல் சுமதிமேல்கூட வந்ததில்லை.

எனக்கு ஆபரேஷன் செய்த இடத்தில் சீழ் வைத்துக் காய்ச்சல் கண்டது. நாள் கணக்கில் உடம்பு கொதித்தது. சுரந்து வந்த பாலும் வற்றிவிட்டது. குழந்தைக்கு டப்பா பால் கொடுத்தால் வாந்தியெடுத்தாள். எடை இறங்கியது. இதயத்துக்குப் பலமில்லாதபோது எடையும் இறங்கினால் தாங்காது, தாய்ப்பால் வேண்டும், சொந்தக்காரர்களில் பால் கொடுக்கிறவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று டாக்டர் என் வீட்டுக்காரரைக் கேட்டிருக்கிறார். அந்தக் காலத்தில் அப்படிக் கேட்பது உண்டு. அவர் என்னிடம் சொல்லவில்லை. கீழே போய் ஊருக்கு போன் செய்துவிட்டார்.

போன் செய்த மூன்றாம் நாள் காலை நான் கண் விழித்தபோது சுமதி வார்டுக்குள் வந்துகொண்டிருந்தாள். தோளில் அவள் பையன். பின்னால் அவள் புருஷன் பையைத் தூக்கிக்கொண்டு. பிரசவமாகி நாற்பது நாள்கூட முடியவில்லை, பச்சை உடம்புக்காரியை அனுப்ப மாட்டேன் என்று பனமரத்துப்பட்டியில் அவள் அம்மா அழுதாராம். இதையும், ரயிலில் இடம் கிடைக்காததையும், மெட்ராஸ் தண்ணீர் உப்புக் கரிப்பதையும், பையன் எடை ஏறியிருப்பதையும் உட்காருவதற்கு முன்னாலேயே சொல்லி முடித்துவிட்டாள். பையன் கொழுகொழுவென்று இருந்தான். நான் அவனைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். முடியவில்லை.

குழந்தையை இன்னும் மார்பில் போடக் கூடாது, சப்பிக் குடிக்க அவளுக்குத் தெம்பு போதாது என்றார்கள். பாலைப் பீய்ச்சி எடுத்துப் பாலாடையில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்ட வேண்டும். சுமதி திரைக்குப் பின்னால் உட்கார்ந்து வெந்நீரில் கழுவிய கிண்ணத்தில் பீய்ச்சினாள். அந்தச் சத்தம் கேட்டது. என் மார்பு துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. கிண்ணத்தோடு வெளியே வந்தாள். நர்ஸ் வந்து வாங்கிக்கொண்டு போனாள்.

சுமதி என் கட்டிலில் உட்கார்ந்தாள். அவள் புருஷனும் என் வீட்டுக்காரரும் வெளியே போயிருந்தார்கள்.

"எம்மேல பொறாமையா இருக்குதாக்கா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"எனக்குத் தெரியுமுங்க. அன்னைக்கு வாந்தியெடுத்தப்பவே தெரியும். நெத்தியப் புடிச்ச கை அப்படி அழுத்துச்சு." கொஞ்ச நேரம் பையனின் காலைத் தடவிக்கொண்டிருந்தாள். "இவனுக்குப் பத்தாமப் போயிருமோன்னு எனக்கு இருக்குதுக்கா. கிண்ணத்துல பீச்சும்போது, இது இவனுதுன்னுதான் தோணுது. அது பொறாமையா என்னன்னு எனக்குத் தெரியல. ஆனா பீச்சாம இருக்க மாட்டேன்."

எனக்கு நன்றி என்று சொல்ல வரவில்லை. சொல்லியிருந்தால் அவள் சிரித்திருப்பாள்.

அவள் அங்கேயே தங்கினாள். மாடி அறையை அவளுக்குக் கொடுத்துவிட்டு அண்ணனும் தம்பியும் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் படுத்தார்கள். தினமும் வேளைக்கு வந்து பீய்ச்சிக் கொடுத்தாள். முதலில் தன் பையனுக்குக் கொடுத்துவிட்டுத்தான் கிண்ணத்தை எடுப்பாள், அதில் விட்டுக்கொடுக்க மாட்டாள். அவளுக்குப் பால் ஊற வேண்டுமென்று என் வீட்டுக்காரர் பூண்டு வதக்கியும் சுறாப்புட்டு வாங்கியும் கொண்டுவந்து வைப்பார். என்னைப் பார்த்துக்கொண்டு நின்றதைப் போலவே அவள் சாப்பிடுவதையும் பார்த்துக்கொண்டு நிற்பார். என் காய்ச்சல் இறங்கியது, பொறாமை இறங்கவில்லை. ஒரு நாள் நர்ஸ் வந்து, குழந்தை எடை ஏறியிருக்கிறது என்றாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். நான் திரும்பிப் பார்த்தேன். சுமதி முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

மருந்தை மெல்ல நிறுத்தினார்கள். இதயம் தன் போக்கில், அறுபதுக்கும் கீழே, நின்று நிதானமாக ஓடியது. அந்த வேகத்திலேயே அவளால் பால் குடிக்கவும் அழவும் முடிகிறது, அது போதும் என்றார் டாக்டர். வளர வளர மயக்கமோ மூச்சு வாங்கலோ வந்தால், தோலுக்கு அடியில் ஒரு சின்னப் பெட்டி வைத்து ஒயர் மூலம் துடிப்பைக் கொடுக்க வேண்டியிருக்கும் என்றார். பன்னிரண்டாவது வயதில் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தாள், அப்போது வைத்தோம். இரண்டு தடவை மாற்றியாயிற்று. இன்று அவளுக்கு ராசிபுரத்தில் வேலை, பஸ்ஸில் போய் வருகிறாள். இந்தக் குழந்தைகளில் எல்லாருக்கும் இப்படி அமைவதில்லை. ஸ்கேனில் ஒன்று தெரிந்துவிட்டது என்று வருகிறவர்களிடம் நான் சொல்வதெல்லாம், அது என்ன என்று தெரிந்தவரிடம் போய்க் கேட்கும்வரை எதையும் முடிவு செய்யாதீர்கள் என்பதுதான்.

குழந்தையை வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று டாக்டர் சொன்ன அன்று சென்ட்ரலில் ரயில் ஏறினோம். சுமதியும் நானும் எதிரெதிரே ஜன்னலோரம். அவள் மடியில் அவள் பையன், என் மடியில் என் மகள். கண்ணாடிப் பெட்டியிலிருந்து வந்த பிறகு இப்போதுதான் முழுசாக என் கைக்குள் இருந்தாள். காட்பாடி தாண்டியதும் பசித்து அழ ஆரம்பித்தாள். நான் முந்தானையால் மூடிக்கொண்டு மார்பில் போட்டேன். வாயை வைத்து இழுத்தாள். இரண்டு இழுப்புக்கு மேல் ஒன்றும் வரவில்லை. விட்டுவிட்டு அழுதாள். மறுபடி வைத்தேன். நெற்றி வியர்த்தது, உதடு லேசாக நீலம் பாரித்தது. அப்படியானால் களைத்துப்போகிறாள் என்று அர்த்தம், ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

சுமதி தன் பையனைப் புருஷனிடம் கொடுத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேட்கவில்லை. நீட்டவும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து குழந்தையை அவள் மடியில் வைத்தேன்.

"நேரா மார்லயே குடு சுமதி. நடுநடுவுல நிறுத்திக் குடு. சீக்கிரம் களைச்சுருவா."

"சரிங்கக்கா" என்று அவள் ஜாக்கெட்டைத் தளர்த்தினாள். குழந்தை பற்றிக்கொண்டது. நான் சுமதியின் முந்தானைக்குள் கையை விட்டு என் மகளின் முதுகில் உள்ளங்கையை வைத்தேன். விரலுக்கடியில் துடிப்பு வந்தது, நின்றது, வந்தது. ஒவ்வொரு மடக்குக்கும் அவள் தொண்டை அசைந்தது. எனக்கு நெஞ்சு எரிந்தது. கையை எடுக்காமல், அவள் குடித்து முடிக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.